கப்பல் சொந்தம்

எங்கள் வீட்டுக்கு வந்து ஒரு கோப்பி குடித்த ஆளுக்குக்கூட அந்தக் கப்பல் கதை தெரிந்திருக்கும். அப்பா விடமாட்டார். கல்யாண வீடு, கருமாதி வீடு, காலையில் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவதற்கு முன்னால் கிடைக்கும் ஐந்து நிமிடம், எங்கே இரண்டு பேர் சேர்ந்து நின்றாலும் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிவிடுவார். அம்மா அடுப்படியில் இருந்தபடியே, "ஏறிட்டாருடி உங்க தாத்தா. இனி எறங்குற வரைக்கும் சோறு கேட்க மாட்டாரு உங்கப்பா" என்பாள்.

கதை இதுதான். தாத்தாவையும் பாட்டியையும் கல்யாணமான ஆறாவது மாதம் ஒரு கங்காணி கூட்டிக்கொண்டு வந்து நாகப்பட்டினம் டிப்போவில் விட்டான். கப்பல் வர நான்கைந்து நாள் ஆகும். அதுவரை நீளக் கொட்டகையில் பாய் விரித்துப் படுத்துக் கிடக்கவேண்டும். பக்கத்துப் பாயில் ஓர் இளைஞன், தனி ஆள். பாட்டிக்குக் காய்ச்சல் வந்தபோது அவன்தான் தன் கம்பளியைக் கொடுத்தான், வரிசையில் நின்று கஞ்சி வாங்கி வந்தான். தாத்தாவுக்கு அவனை ரொம்பப் பிடித்துவிட்டது. கப்பல் ஏறும் அன்றைக்குப் பார்த்தால் அவன் பெயர் வேறு தோட்டத்துப் பட்டியலில் இருக்கிறது. தாத்தா நேரே பேர் எழுதும் கிராணியின் மேசைக்கு முன்னால் போய் நின்றார். "தொர, இவன் என் கூடப் பொறந்த தம்பி. இவன் வராட்டி நானும் வரல."

தாத்தா ஆறடி உயரம், நல்ல கறுப்பு. அந்த இளைஞன் குள்ளம், சிவப்பு. கிராணி மூக்குக் கண்ணாடியை இறக்கி இவரைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். "ரெண்டு பேரும் ஒரே வயித்துலயா?" "ஆமாங்க தொர. இவன் கடைசியா வந்தான், அளவு கொறஞ்சு போச்சு."

இந்த இடத்தில் அப்பா எழுந்து நின்று நடித்துக் காட்டுவார். கிராணி சிரித்துவிட்டானாம், பெயரை மாற்றி எழுதினானாம். அப்புறம் கடல், அலை, வாந்தி. அந்த அலை இருக்கிறதே, நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது லயத்து வரிசை வீட்டுக் கூரை உயரம். நான் வேலைக்குப் போகத் தொடங்கியபோது ரப்பர்த் தோட்டத்துக் கித்தா மரத்து உயரத்துக்கு வந்துவிட்டது. பினாங்கில் ஏணி வழியாக இறங்கியதும் கதை முடிந்துவிடும். "அப்புறம் என்னாச்சுப்பா?" என்று கேட்டால், "அப்புறம் என்ன, மரம் வெட்டிப் பால் எடுத்தாங்க" என்பார். கப்பலுக்குப் பிந்தைய கதை அவருக்கே தெரியாது. அவருக்கு நாலைந்து வயதாக இருக்கும்போதே அந்தத் 'தம்பி' குடும்பத்தோடு வேறு தோட்டத்துக்குப் போய்விட்டார். பிறகு ஜப்பான் காலம் வந்து, யார் எங்கே என்று தெரியாமல் போனது. எங்கள் வீட்டில் அவருக்குப் பெயர் கப்பக்காரர். தாத்தாவும் கப்பக்காரரும் தத்தம் ஊரில் தத்தம் சாவை அடைந்துவிட்டார்கள்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எழுபதுகளின் கடைசி. எனக்கு இருபத்திரண்டு வயது. ஈப்போவில் ஒரு கிளினிக்கில் மாத்திரை எண்ணிப் பொட்டலம் போடும் வேலை. எங்கள் தோட்டம் தஞ்சோங் ரம்புத்தான் போகிற வழியில் இருந்தது. பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி, செம்மண் சாலையில் இருபது நிமிடம் நடக்கவேண்டும். நான் வேலை முடிந்து வீட்டுக்கு வரும் பஸ்தான் அதில் வரும் ஓர் இளைஞருக்கு வேலைக்குப் போகும் பஸ். சிலிபினில் வீடு, தஞ்சோங் ரம்புத்தான் மனநோய் ஆஸ்பத்திரியில் அட்டெண்டன் வேலை. எட்டு மாதம் ஒரே பஸ்ஸில் ஒரு வார்த்தை பேசாமல் வந்தோம். ஒன்பதாவது மாதம் மழையில் என் குடை கிழிந்து போக, அவர் தன் குடையை என் கையில் திணித்துவிட்டு, "நாளைக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவ்வளவுதான். நான் கோபக்காரி, வாயாடி என்றெல்லாம் பேர் வாங்கியவள். அந்த ஆள் முன்னால் எனக்கு நாக்கு எழவில்லை.

வீட்டில் சொன்னபோது அம்மா கேட்ட முதல் கேள்வி, "தஞ்சோங் ரம்புத்தான்ல வேல பாக்குறவரா, தங்கியிருக்குறவரா? நல்லா விசாரிச்சியாடி?" அந்த ஊர்ப் பெயரைச் சொன்னால் பேராக்கில் எல்லாரும் அடிக்கிற கிண்டல்தான் அது. அப்பா சிரித்தார். "அரசாங்க வேல லா, என்ன கொற? வந்து பேசச் சொல்லு" என்றார். நான் அன்றைக்குத் தரையில் நடக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அவரும் அவருடைய அப்பாவும் வந்தார்கள். அம்மா இல்லாத வீடு அவருடையது. தாம்பாளத்தில் பழம், பூ. அப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு, வழக்கம்போல, "உங்க பெரியவங்க எந்தப் பக்கத்துல இருந்து வந்தாங்க?" என்று தொடங்கினார். எனக்குத் தெரியும், இப்போது கப்பல் கிளம்பும் என்று. ஆனால் கப்பலை அந்தப் பக்கம்தான் முதலில் கிளப்பினார்கள். அவருடைய அப்பா, "நாகப்பட்டினத்துல ஏறினவங்க. எங்கப்பா வேற லிஸ்ட்ல இருந்தாராம், ஒரு நெட்ட மனுஷன் இவன் என் தம்பின்னு கிராணிகிட்ட பொய் சொல்லி..." என்றார்.

அப்பா எழுந்துவிட்டார். "அளவு கொறஞ்சு போச்சு!" என்று கத்தினார்.

"அளவு கொறஞ்சு போச்சுன்னு சொன்னாராம்!" என்று அந்தப் பக்கமும் கத்தினார்கள்.

இரண்டு பேரும் கட்டிப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். எனக்கும் கண் கலங்கிவிட்டது. அம்மா திருநீற்றுத் தட்டை எடுக்க உள்ளே ஓடினாள். அப்பா, "தம்பி, தம்பி" என்று அவருடைய அப்பாவின் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார். அப்புறம் திரும்பி, அங்கே வெட்கத்தோடு உட்கார்ந்திருந்த இவரைப் பார்த்துக் கையை நீட்டினார். "வாடா மகனே!"

சொன்ன வார்த்தை அவர் காதிலேயே விழுந்தது. கை அப்படியே நின்றது. தம்பியின் மகன் என்றால் தனக்கும் மகன். தனக்கு மகன் என்றால் எனக்கு?  அவருடைய அப்பா பழத் தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடியும் பழத் தட்டைப் பார்த்தார்.

அன்றைக்கு அவர்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். அப்பா கோழி அடிக்கச் சொன்னார். கைகழுவிய பிறகு மெதுவாக, ரொம்ப மரியாதையாக, "அண்ணன் தங்கச்சி முறையாப் போச்சு. வேணாம் தம்பி. சொந்தம் கெடச்சிருக்கு, அத நாம கெடுக்கக் கூடாது" என்றார்.

நான் என்ன சொல்வேன்! ஒரு சொட்டு ரத்த உறவு கிடையாது. ஊரில் இரண்டு பேரும் என்ன சாதியோ, அதுகூட ஒன்றாக இருந்திருக்காது. கடலில் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தவர்களுக்கு அதைக் கேட்கத் தெம்பு ஏது? அப்பா சாதி பேசியிருந்தால் நான் விட்டுவைத்திருக்கமாட்டேன், நாலு கேள்வி நறுக்கென்று கேட்டிருப்பேன். அவர் பாசத்தைப் பேசினார். பாசத்தோடு எப்படிச் சண்டை போடுவது?

அதிலும் அவருக்கு அந்தப் பாசம் எதற்கு என்று எனக்குத் தெரியும். சித்தப்பா, பெரியப்பா என்று சொல்லிக்கொள்ள அவருக்கு இந்த ஊரில் ஒரு ஆள் கிடையாது. கூடப் பிறந்தது ஒரே ஒரு அக்கா. அந்த அத்தை கல்யாணமான இடத்தில் கிறிஸ்தவ வேதத்துக்குப் போனாள். தாத்தா செத்தபோது வந்து, வாய்க்கரிசி போடமாட்டேன், ஜெபம்தான் பண்ணுவேன் என்று நின்றாள். பிணத்தை வைத்துக்கொண்டு இரண்டு பேரும் கத்திக்கொண்டார்கள். "இனி இந்த வீட்டு வாசப்படிய மிதிச்சா என்னன்னு கேளு" என்று சொல்லிவிட்டுப் போனவள் பதினோரு வருஷமாக வரவில்லை. அப்பாவும் போகவில்லை. இப்போது வராது வந்த மாமணியாக ஒரு தம்பி கிடைத்திருக்கிறான். அவனைச் சம்பந்தியாக்கினால் தம்பி போய்விடுவான் என்று அப்பா பயந்தார்.

நான் நான்கு மாதம் அழுதேன். பாதி நாள் சாப்பிடவில்லை. கிளினிக்கில் மாத்திரையை மாற்றிப் போட்டு டாக்டரிடம் திட்டு வாங்கினேன். அவர் பஸ்ஸில் எனக்கு இரண்டு இருக்கை பின்னால் உட்கார்ந்து வருவார். ஒரு நாள் பக்கத்தில் வந்து நின்று, "எங்கப்பா சொல்றாரு, எங்க தாத்தா உங்க தாத்தாவப் பத்திப் பேசும்போதெல்லாம் மச்சான்னுதான் சொல்லுவாராம். அண்ணன்னு சொன்னதில்லையாம்" என்றார்.

எனக்கு உயிர் வந்தது. அண்ணன் தம்பி என்றால்தான் பிள்ளைகள் பங்காளிகள். மச்சான் என்றால் கதையே வேறு. மச்சான் வீட்டுப் பிள்ளையைக் கட்டிக்கொள்வதற்கு உரிமையே உண்டு. ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன். அவர் கத்தியைத் தீட்டிக்கொண்டே தலையை ஆட்டினார். "மச்சான்னு கூப்புடுறதெல்லாம் ஒரு கணக்கா? இந்த ஊர்ல டாக்சி ஓட்டுறவனும் மச்சான், மீன் விக்கிறவனும் மச்சான். மளிகைக் கடைச் சீனன்கூட என்னைய மச்சான்னுதான் கூப்புடுறான். அவனுக்கு உன்னையக் கட்டிக் குடுக்கவா?"

 சொன்னது நியாயம்தான், பாவி மனுஷன்.

இதற்கிடையில் கம்பாரில் இருந்து ஒரு வரன் வந்தது. நல்ல குடும்பம், குறை சொல்ல ஒன்றுமில்லை. அதுதான் எனக்குப் பெரிய குறையாக இருந்தது. அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். வருகிற ஞாயிற்றுக்கிழமை அவர்கள் வந்து வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்வது என்று பேச்சு. அம்மா புதுத் தட்டு வாங்கி வந்தாள். எனக்கு ஆறு நாள் இருந்தது.

திங்கட்கிழமை கிளினிக்கில் பொட்டலம் மடித்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு அத்தை ஞாபகம் வந்தது. அப்பாவைவிட எட்டு வயது மூத்தவள். கப்பக்காரர் தோட்டத்தில் இருந்த காலத்தில் அவளுக்கு விவரம் தெரிந்த வயசு. இது ஏன் நான்கு மாதமாக என் மண்டைக்கு எட்டவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன். பதினோரு வருஷம் ஒரு ஆளைப் பற்றிப் பேசாமல் இருந்தால், அந்த ஆள் இருப்பதே மறந்துவிடும் போலிருக்கிறது. தலைவலி என்று டாக்டரிடம் பொய் சொல்லிவிட்டு லகாட் பஸ் ஏறினேன்.

லகாட்டில் அப்போது ஈயச் சுரங்கம் முடிந்துபோன குட்டைகள்தான் மிச்சம். அத்தையின் வீட்டுக்காரர் அங்கே வேலை பார்த்துச் செத்துப்போனவர். கோப்பிக் கடையில் கேட்டதும் வழி சொன்னார்கள். அத்தை வீட்டுக்குப் பின்னால் வாத்துக்குத் தவிடு பிசைந்துகொண்டிருந்தாள். நான் யார் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தவள், "அவன் மூக்கு அப்படியே இருக்கு" என்றாள். அடுத்த வினாடியே முகம் மாறியது. "அவன் அனுப்புனானா?"

"இல்ல அத்த. நானா வந்தேன்."

"அப்ப கோப்பி குடிச்சிட்டு நீயாவே போ."

கோப்பி கொடுத்தாள். கூடவே ரொட்டியும் கொடுத்தாள். நான் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். பஸ், குடை, பழத்தட்டு, வாடா மகனே வரைக்கும். அவள் கேட்டுக்கொண்டே தவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். அண்ணன் தங்கச்சி முறை என்று அப்பா சொன்னார் என்றதும் செம்பைத் தொப்பென்று கீழே போட்டாள்.

"என்னது, பங்காளியா? எந்தக் கூறுகெட்டவன் சொன்னது? கிராணிகிட்ட சொன்னது பொய்டி! கப்பல் ஏற ஒரு பொய்! எறங்கின பெறகு எங்கம்மாவுக்கு இந்த ஊர்ல கூடப் பொறந்தவன்னு சொல்ல ஒரு நாதி இல்ல. அவரத்தான் அண்ணன்னு வச்சுக்கிட்டுச்சு. நான் பெரிய மனுஷி ஆனப்ப பச்ச ஓல வெட்டிக் குடிசை கட்டினது யாரு? அவரு. உங்கப்பனுக்குக் காது குத்துனது யாரு மடியில? அவரு மடியிலடி! தாய்மாமன்னு அவரத்தான் உக்கார வச்சோம்!"

நான் துள்ளி எழுந்ததில் கோப்பி பாவாடையில் கொட்டியது. மச்சான் என்று யாரும் யாரையும் கூப்பிடலாம். ஆனால் பிள்ளைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில்தான் உட்கார வைப்பார்கள். அந்த இடத்தில் வேறு யாரும் உட்கார்ந்துவிட முடியாது. கப்பக்காரர் அப்பாவுக்குத் தாய்மாமன் என்றால், அவருடைய மகன் அப்பாவுக்கு மச்சான். மச்சான் மகன் எனக்கு முறை மாப்பிள்ளை. நான் அத்தையின் காலைப் பிடித்துக்கொண்டேன். "வந்து சொல்லுங்க அத்த. நான் சொன்னா நம்ப மாட்டாரு. நீயே கட்டிவிட்ட கதைன்னுவாரு. ஞாயித்துக்கெழம வெத்தல மாத்திடுவாங்க."

அவள் காலை இழுத்துக்கொண்டாள். "அந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்னு சாமிகிட்ட சொல்லியிருக்கேன். போம்மா. உனக்காக ஜெபம் பண்றேன்."

"ஜெபம் வேணாம் அத்த, பஸ் ஏறி வாங்க போதும்" என்றேன். கோபத்தில் வந்துவிட்டது. அவள் வாத்துகள் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் பஸ்ஸில் அழுதுகொண்டே திரும்பினேன். சீட்டுக் கொடுக்கிற ஆள் பக்கத்தில் வரவே பயந்தான்.

செவ்வாய் போனது, புதன் போனது. வியாழக்கிழமை அவரிடம் பஸ்ஸில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, "அத்த வர மாட்டாங்க. இனிமே நீங்க வேற பஸ்ல போங்க" என்றேன்.  இறங்கும்போது பார்த்தேன், அந்த மனுஷன் ஜன்னல் பக்கம் திரும்பிக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம். லயத்தில் எல்லாரும் வேலை முடிந்து குளித்து வாசலில் உட்கார்ந்திருக்கும் நேரம். ஒரு டாக்சி செம்மண் சாலையில் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து எங்கள் வீட்டுக்கு எதிரில் நின்றது. வெள்ளைச் சேலை, கையில் கறுப்புக் குடை. அத்தை இறங்கினாள். வாசலுக்கு வந்தாள், சாக்கடைக்கு அந்தப் பக்கமே நின்றாள். வாசல்படியை மிதிக்கமாட்டேன் என்றுதானே சபதம்! வெளியே நின்று கத்தமாட்டேன் என்று அவள் சாமியிடம் சொல்லவில்லை.

"டேய்!" என்றாள். முப்பது வீட்டுக்கும் கேட்டது. "வெளிய வாடா!"

அப்பா சட்டை இல்லாமல் வெளியே வந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"பங்காளி முறைன்னு சொன்னியாமே? உனக்குக் காது குத்தினப்ப யாரு மடியிலடா ஒக்காந்த? கப்பக்காரரு மடியில! அந்த மனுஷன் புது வேட்டி கட்டிக்கிட்டு வந்தாரு, நீ மொதல்ல வேட்டிய நனைச்ச. அப்புறம் ஊசியப் பாத்ததும் திமிறிக்கிட்டு மண்டையால ஒரு முட்டு முட்டுன. மனுஷனுக்கு முன்பல்லு பாதி ஒடஞ்சு போச்சு! ரத்தத்தோட சிரிச்சிக்கிட்டே 'மருமவன் மொதல் சீர் குடுத்துட்டான்'னு சொன்னாரு. நான் பக்கத்துல தண்ணிச் செம்போட நின்னேன். பொய்ய முறையாப் புடிச்சுத் தொங்கிக்கிட்டு, நெசத்த விட்டுட்டியேடா!"

லயமே சிரித்தது. வேட்டி நனைந்த கதையைக் கேட்டுப் பக்கத்து வீட்டு அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. "நீ இவளுக்காகச் சொல்ற" என்றார்.

"நான் வேதக்காரி. பொய் சொல்ல மாட்டேன். சந்தேகமா இருந்தா போய்க் கேளு. அவங்கப்பன் பல்லு எப்படிப் போச்சுன்னு அந்த வீட்டுல கேளு. நான் சொன்னேன்னு சொல்லாத, சும்மா கேளு." சொல்லிவிட்டு டாக்சி கதவைத் திறந்தாள். அப்பா ஒரு அடி எடுத்து வைத்தார். "அக்கா" என்றார். அத்தை கையை ஆட்டினாள். "மொதல்ல கேட்டுட்டு வா. அப்புறம் அக்கா தம்பி எல்லாம் பேசலாம்." டாக்சி போய்விட்டது.

சனிக்கிழமை மரம் வெட்டி, பாலை எடை போட்ட கையோடு அப்பா சட்டையை மாட்டிக்கொண்டு சிலிபினுக்குப் போனார். யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. நான் அங்கே இல்லை. ஆனால் என் வீட்டுக்காரர் இருந்தார், அந்தக் காட்சியை நூறு தடவையாவது எனக்கு நடித்துக் காட்டியிருக்கிறார். அப்பா போய் உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, வேலையைப் பற்றி விசாரித்து, பால் விலை இறங்கியதைப் பற்றி வருத்தப்பட்டு, ரொம்ப சாதாரணமாக, "உங்கப்பாவுக்குப் பல்லெல்லாம் கடைசி வரைக்கும் நல்லா இருந்துச்சா?" என்று கேட்டாராம். இது என்ன கேள்வி என்று அவர்களுக்குப் புரியவில்லை. மாமனார், "நல்லாத்தான் இருந்துச்சு. முன்பல்லு ஒண்ணுதான் பாதி" என்றாராம்.

"அது எப்படி ஒடஞ்சுச்சு?"

"அது என்னமோ லா, மருமவன் ஒடச்சதுன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு. எந்த மருமவன்னு எங்களுக்குத் தெரியல. எனக்குக் கூடப் பொறந்த அக்கா தங்கச்சி கெடையாது, அவருக்கு ஏது மருமவன்? வயசாகி ஒளறுறாருன்னு விட்டுட்டோம்."

அப்பா அப்படியே தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாராம். இவர்கள் பயந்துபோய், நெஞ்சு வலியா என்று கேட்டார்களாம். இவர் ஆஸ்பத்திரிக்காரர் இல்லையா, நாடி பிடித்துப் பார்க்கக் கையைத் தொட்டிருக்கிறார். அப்பா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் மாப்பிள அந்த மருமவன்" என்றாராம். இந்த இடம் வந்தால் என் வீட்டுக்காரர் என் கையையே அப்படிப் பிடித்துக் காட்டுவார். 

இதெல்லாம் தெரியாமல் நான் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். மதியம் போனது, மூன்று மணி ஆனது, நான்கு ஆனது, அப்பா வரவில்லை. அம்மா நாளைக்கு வெற்றிலைத் தட்டுக்குப் பூ கட்டுவதா வேண்டாமா என்று தெரியாமல் நாரைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அத்தை சொன்னதை அந்த வீட்டில் யாரும் அறிந்திருக்காவிட்டால்? பல்லைப் பற்றி யாருக்கு ஞாபகம் இருக்கும்? துவைத்த துணியையே மறுபடியும் துவைத்தேன்.

ஐந்து மணிக்கு அப்பா வந்தார். வந்து நாற்காலியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றாமலே, "சோறு போடு" என்றார். அம்மா போட்டாள். இரண்டு தடவை குழம்பு வாங்கிச் சாப்பிட்டார். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தத் தட்டைப் பிடுங்கி எறிந்திருப்பேன்.

"எங்கய்யா போன இவ்வளவு நேரம்?" என்று அம்மாதான் கேட்டாள்.

"கம்பாருக்கு."

"கம்பாருக்கா! எதுக்கு?"

"நாளைக்கு வர வேணாம்னு சொல்ல. வாக்குக் குடுத்த வாயால நேர்ல போய்ச் சொல்லணும்ல? நல்லாத் திட்டினாங்க. திட்டட்டும், அவங்க பக்கம் நியாயம் இருக்கு. மன்னிச்சுக்குங்க, எம் பொண்ணுக்கு முறை மாப்பிள இருக்காரு, அவரத் தாண்டி நான் குடுக்க முடியாதுன்னு சொன்னேன். அதுக்கு மேல அவங்களால என்ன சொல்ல முடியும்?"

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.  அப்பா என் பக்கம் திரும்பவே இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

"அந்தப் பெரியவர்தான் விடல" என்றார். "முறை மாப்பிள இருந்தா நாலு மாசமா எங்கய்யா இருந்தாருன்னு கேட்டாரு."

"நீ என்ன சொன்ன?"

"கப்பல் வந்து சேரக் கொஞ்சம் லேட்டாயிருச்சுன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

அம்மா சிரித்த சிரிப்பில் கையில் இருந்த நார் சிக்கிக்கொண்டது. நான் அழுதேன், அப்பாவின் தோளில் இரண்டு அடி அடித்தேன், பிறகு பக்கத்தில் உட்கார்ந்து அவர் தட்டிலேயே சாப்பிட்டேன்.